பழைய மடிக்கணினிக்கு மறுவாழ்வு

சுங்கை பூலோ வட்டாரத்துக் குடியிருப்புகளுக்கு நாம் சென்று வரும்போதெல்லாம் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணிற் படுகிறது. அலமாரியின் மேல்தட்டில், பழைய நாட்காட்டிகளுக்கும் தீபாவளி வாழ்த்து அட்டைகளுக்கும் இடையே, துணியால் போர்த்தப்பட்ட மடிக்கணினி ஒன்று கிடக்கிறது. ஏன் பயன்படுத்துவதில்லை என்று வினவினால், “பழசாகிவிட்டது ஐயா, அது திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது” என்பது போன்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அதே இல்லத்தில், படிவம் ஒன்றில் பயிலும் மகள் தன் பள்ளி வேலையை ஆசிரியருக்கு அனுப்புவதற்காக, தாயார் வேலை முடிந்து கைப்பேசியுடன் திரும்பும் நேரத்தை எதிர்நோக்கிக் காத்திருக்கிறாள். மேல்தட்டில் உறங்கும் அக்கருவியை அப்பிள்ளையின் மேசைக்குக் கொண்டு வருவது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

இத்தேவை எத்துணைப் பெரிது என்பதை 2020-ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது கல்வி அமைச்சு பெற்றோரிடையே நடத்திய ஆய்வில், மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை என்பது தெரிய வந்தது. கைப்பேசி உடையோர் பலர்; மடிக்கணினி உடையோர் பத்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. சிறு திரையில் பாடத்தைப் பார்க்க முடியும். ஆனால் இரண்டு பக்கக் கட்டுரையை அதில் தட்டச்சு செய்து திருத்துவது எளிதன்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கல்வி அமைச்சு தொடங்கிய ‘டெலிமா’ கற்றல் தளம் இணைய உலாவியின் வழியே இயங்குவது. அதாவது, உலாவி ஒன்று ஒழுங்காகத் திறக்குமாயின், பத்தாண்டுப் பழைய மடிக்கணினியும் பள்ளிப் பாடத்திற்குப் போதுமானது.

தோட்டத்து மக்கள் பொருளை வீணாக்குபவர் அல்லர். ஓட்டையான பால்வாளி கறிவேப்பிலைச் செடிக்குத் தொட்டியாகும். மாவு மூட்டையின் துணி தலையணை உறையாகும். ரொட்டி டின் தையற் பெட்டியாகும். மடிக்கணினி மட்டும் ஏன் அவ்வாறு ஆவதில்லை? அதில் எது கெட்டது, எது கெடவில்லை என்பது வெளியே தெரிவதில்லை என்பதே காரணம் என நாம் கருதுகிறோம்.

இதற்கு நம் வட்டாரத்திலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1925-இல் நிறுவப்பட்ட இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் நெடுங்காலம் சுங்கை பூலோவில் இருந்தது. இன்று அந்நிலத்தில் குவாசா டாமன்சாரா நகரம் எழுந்து வருகிறது. ஓர் இரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்த பின் வெட்டப்படும். முற்காலத்தில் அம்மரம் பெரும்பாலும் விறகாயிற்று. புகைக்கூடத்தில் இரப்பர் தகடுகளை உலர்த்த எரிந்தது. பலகையாக அறுத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். ஆகவே உதவாத மரம் என்று அதை ஒதுக்கினர். கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகம் உள்ளிட்டோர் செய்த ஆய்வுகளின் பயனாக, மரத்தை அறுத்தவுடன் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவியது. 1980-களில் இரப்பர்ப் பலகை மலேசிய அறைகலன் தொழிலின் முதன்மை மூலப்பொருளாயிற்று. மரம் மாறவில்லை, அதைப் பக்குவப்படுத்தும் முறைதான் வந்து சேர்ந்தது. பழைய மடிக்கணினியின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

மடிக்கணினி ‘பழசாவது’ இரு வகையில் நேர்கிறது. ஒன்று, உறுப்புகள் தேய்வது. மற்றொன்று, உறுப்புகள் நன்றாக இருந்தும், அதை இயக்கும் மென்பொருள் அதைக் கைவிடுவது. இரண்டாம் வகையே இன்று மிகுதி. விண்டோஸ் 10 இயங்குதளம் 2015 ஜூலையில் வெளிவந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அடுத்து வந்த விண்டோஸ் 11, 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பிடமும் கேட்பதோடு நில்லாமல், ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லையும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியையும் கேட்கிறது. இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறை முதற்கொண்டே ஏற்கப்படும். ஆகவே 2016-இல் நல்ல விலை கொடுத்து வாங்கிய மடிக்கணினி, எந்த உறுப்பும் கெடாமலே, தாளில் ‘தகுதியற்றது’ ஆகிவிட்டது. இவ்விடத்தில்தான் பலர் தவறான முடிவுக்கு வந்து, காயலான் கடைக்காரர் தரும் சில ரிங்கிட்டுக்கு அதைக் கொடுத்துவிடுகின்றனர்.

விண்டோஸ் ஒன்றே இயங்குதளம் அன்று. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவைக் கொண்டு உருவான இயங்குதளங்கள் பல உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை விலையின்றிக் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குவோருக்கு ‘லினக்ஸ் மின்ட்’ என்பதை நாம் பரிந்துரைக்கிறோம். அதன் முகப்பு விண்டோஸ் பழகியவருக்கு அந்நியமாகத் தோன்றாது. அதன் 22-ஆம் பதிப்புக்குக் குறைந்தது 2 கிகாபைட் நினைவகம் வேண்டும். 4 கிகாபைட் இருப்பின் நலம். அப்பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. அதன் ‘எக்ஸ்.எஃப்.சி.இ.’ வகை எடை குறைந்தது. பழைய கருவிகளுக்கு ஏற்றது. கூகுள் நிறுவனத்தின் ‘குரோம் ஓ.எஸ். பிளெக்ஸ்’ மற்றொரு வழி. உலாவியை மட்டுமே பயன்படுத்துவோருக்கு அது மிக எளிது. ஆனால் இணையம் இல்லாத வேளையில் அதன் பயன் குறைவு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இது நகரத்துப் பொறியாளர்க்கே உரிய வேலை என்று எண்ணுதல் வேண்டா. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தின்கீழ் பல இலட்சம் கருவிகள் வழங்கப்பட்டன. அவற்றில் விண்டோசுடன், இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சும் சேர்த்தே தரப்பட்டது. சிற்றூர்ப் பிள்ளைகளின் கைகளுக்கு லினக்ஸ் அவ்வாறு சென்று சேர்ந்தது. தமிழில் எழுதுவது பற்றிய கவலையும் வேண்டா. கணினித் தமிழுக்கு மலேசியா முன்னோடி நாடு. முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ மென்பொருள் 1985-இலேயே இந்நாட்டில் பிறந்தது. லினக்சில் விசைப்பலகை அமைப்புக்குச் சென்று தமிழைச் சேர்த்தால், தமிழ்99 முறையில் உடனே தட்டச்சு செய்யலாம். ‘லிபர் ஆபிஸ்’ என்னும் அலுவல் தொகுப்பு கட்டுரை எழுதவும் கணக்கு வைக்கவும் கட்டணமின்றி உதவும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது கருவியைத் திறப்பதன்று. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பது. அடிப்பகுதி உப்பியிருக்கிறதா? சமதளத்தில் வைத்தால் ஆடுகிறதா? விசைப்பலகையின் நடுப்பகுதி மேலெழும்பியுள்ளதா? அவ்வாறாயின் உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் வீங்கிவிட்டது என்று பொருள். அதற்கு மின்னேற்றம் செய்யலாகாது; அழுத்தலாகாது; கத்தியால் நெம்பலாகாது. துளைபட்டால் தீப்பற்றும். அதைப் பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் கொடுத்து அகற்றச் செய்தல் வேண்டும். மின்கலம் கழற்றப்பட்ட மடிக்கணினி பலவும் மின்னேற்றியின் துணையோடு மட்டும் நன்றாக இயங்கும். ஆனால் மின்தடை ஏற்பட்டால் உடனே அணைந்துவிடும். நம் வட்டாரத்தின் பிற்பகல் இடிமழையை அறிந்தவர்கள், முதல் இடி கேட்டதும் வேலையைச் சேமித்து, செருகியைக் கழற்றிவிடுவது நன்று.

அடுத்து நினைவகத்தின் அளவைக் காண்க. 8 கிகாபைட் இருப்பின் எவ்வகைப் பள்ளி வேலைக்கும் போதும். 4 கிகாபைட் இருப்பின், உலாவியில் ஒரே நேரத்தில் பல பக்கங்களைத் திறக்காதிருக்கப் பழகினால், குறையின்றி நடக்கும். 2 கிகாபைட் ஆயின் ஒரே ஒரு பணிக்கு மட்டும் ஒதுக்கலாம். 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசு வழங்கிய 1மலேசியா நெட்புக் சில வீடுகளில் இன்னும் உள்ளது. அதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: இன்றைய இணையப் பக்கங்களை அது தாங்காது. தட்டச்சுப் பழகவும், இணையமின்றிப் படிக்கவும் மட்டுமே அதை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகப் பணம் செலவிட வேண்டா.

பணம் செலவிடத் தகுந்த இடம் ஒன்று உண்டென்றால் அது வன்தட்டு. பழைய மடிக்கணினிகளில் உள்ள வன்தட்டு, தட்டைச் சுழற்றி, முள்ளை நகர்த்திப் படிப்பது; நொடிக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் படிக்கும். அவ்விடத்தில் பொருந்தும் ‘எஸ்.எஸ்.டி.’ எனப்படும் அசையும் உறுப்பற்ற சேமிப்பகம் நொடிக்கு ஏறத்தாழ 500 மெகாபைட் படிக்கும். சிறு சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வேறுபாடு இன்னும் பன்மடங்கு. தேநீர் ஆறும் வரை காத்திருந்தவர், தேநீர் கலக்கும் முன்னரே வேலையைத் தொடங்கலாம். புதிய மடிக்கணினியின் விலையோடு ஒப்பிட, இதற்காகும் செலவு சிறு பங்கே. நினைவகத்தைக் கூட்டுவதாயின், அது டி.டி.ஆர்.3 வகையா டி.டி.ஆர்.4 வகையா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. சில மெல்லிய கருவிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற இயலாது. மூடியைத் திறந்த கையோடு விசிறியிலுள்ள தூசியையும் மென்தூரிகையால் அகற்றிவிடுக. நம் வீடுகளில் எறும்பும் பல்லியும் குடியேறியிருத்தலும் உண்டு!

புதிய இயங்குதளத்தை ஏற்றும் முன், கருவியில் இருப்பதைப் பிரதி எடுத்துவிட வேண்டும். இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குடும்பத்தாரின் மடிக்கணினியைச் சீர்செய்து தருவதாக நாமே முன்வந்தோம். பிள்ளைகளின் பழைய பாடங்களைத் தவிர வேறொன்றும் அதில் இராது என்று எண்ணினோம். வீட்டில் எவரையும் கேட்கவில்லை. வன்தட்டு முழுவதையும் சுழியத்தால் நிரப்பித் துடைத்துவிட்டு, லினக்சை ஏற்றி, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். பிள்ளைகள் மகிழ்ந்தனர். சற்று நேரம் கழித்து, மூலையில் அமர்ந்திருந்த பாட்டி கேட்டார்: “அதில் நம் கோயில் திருவிழாப் படம் இருந்ததே தம்பி, காட்டுகிறீர்களா?” தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிபடுவதற்கு முன்பு நடந்த கடைசித் திருவிழாவின் படங்கள் அவை. அவருடைய கணவர் காவடி எடுத்ததும் அதில்தான் இருந்தது. அவர் அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். அப்படங்களுக்கு வேறு பிரதி இல்லை. துடைக்கப்பட்டதை மீட்கும் வழியும் இல்லை. பாட்டி நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “சரி, விடுங்கள்” என்றார். அன்று முதல் நாம் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளோம். வீட்டிலுள்ள மூத்தவரை அருகே அமர்த்தி, கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகிறோம். அவர் ‘வேண்டும்’ என்று கூறுபவற்றை இரண்டு விரலிகளில் பிரதி எடுக்கிறோம். இரண்டிலும் திறந்து பார்த்த பின்னரே அடுத்த வேலை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கருவியைப் பிறருக்குக் கொடுக்கும்போது, அழிக்க வேண்டியதை முற்றாக அழித்தாக வேண்டும். கோப்பைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பி, தொட்டியைக் காலி செய்வதால் கோப்பு மறைவதில்லை. அது இருக்கும் இடத்தின் குறிப்பு மட்டுமே நீங்குகிறது. நூலகத்தில் நூலை அப்படியே வைத்துவிட்டு, அட்டவணைச் சீட்டைக் கிழித்தது போன்றது அது. மைகார்டு நகல், சேமநிதிக் கணக்கறிக்கை, வங்கிக் கடவுச்சொல் ஆகியவற்றை அறிந்தவர் தோண்டி எடுத்துவிடுவர். லினக்ஸ் மின்டிலுள்ள ‘டிஸ்க்ஸ்’ செயலியில், சுழற்சி வன்தட்டைச் சுழியத்தால் மேலெழுதும் வாய்ப்பு இருக்கிறது. ஒருமுறை முழுமையாகச் செய்தாலே போதும். எஸ்.எஸ்.டி. வகைக்கு இம்முறை முழு நம்பிக்கைக்குரியதன்று. அதன் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

நிறுவும் வேலை அஞ்சத்தக்கதன்று. 8 கிகாபைட் விரலி ஒன்றில் இயங்குதளத்தை எழுதிக்கொண்டு, மடிக்கணினியைத் தொடக்கும்போது அதற்குரிய விசையை அழுத்தி (பெரும்பாலும் எஃப்12, எஃப்2 அல்லது எஸ்கேப்) விரலியிலிருந்து திறக்க வேண்டும். லினக்ஸ் மின்டை நிறுவாமலே அவ்வாறு இயக்கிப் பார்க்கலாம். கம்பியில்லா இணையம் கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, படக்கருவி இயங்குகிறதா என்று சோதித்து, நிறைவாக இருந்தால் மட்டுமே நிறுவுக. இவ்வேலையை ஒருமுறை கண்ட படிவம் நான்கு மாணவன் மறுமுறை தானே செய்வான். கோயில் இளைஞர் பகுதியோ, முன்னாள் மாணவர் சங்கமோ ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கினால், ஒரே நாளில் பல கருவிகளை எழுப்பிவிடலாம்.

எழுப்பிய கருவிக்கு என்ன வேலை தருவது? எல்லா வேலையும் தந்தால் அது மீண்டும் மேல்தட்டுக்கே போய்ச் சேரும் என்பது நம் அனுபவம். ஒரு கருவிக்கு ஒரு பணி, ஒரு பொறுப்பாளர் என்று முடிவு செய்வதே முறை. பள்ளிப் பிள்ளைக்கென்றால் டெலிமாவும் தட்டச்சும். இணையம் நலிந்த இடங்களில் ‘கிவிக்ஸ்’ என்னும் செயலியின் துணையால், 2003-இல் தொடங்கி இன்று ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவை முழுதாகவே கருவியில் ஏற்றி, இணையமின்றிப் படிக்கலாம். சிறு பிள்ளைகளுக்கு ‘ஜிகாம்ப்ரி’ விளையாட்டுத் தொகுப்பு எண்ணும் எழுத்தும் கற்பிக்கும். கோயில் செயலாளருக்கு வரவு செலவுக் கணக்கும், கூட்டக் குறிப்பும், சங்கப் பதிவிலாகாவுக்கு இணையவழி அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கையும் போதுமான வேலையாகும். சுங்கை பூலோவின் பூச்செடிப் பண்ணைகளில், எந்தச் செடி எத்தனை விற்றது, உரம் எப்போது வாங்கியது என்ற கணக்கு பெரும்பாலும் நாட்காட்டியின் பின்புறம் எழுதப்படுகிறது. அதற்கும் இது பொருந்தும். திரை உடைந்த மடிக்கணினியை எறிந்துவிட வேண்டா. எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தால், மேசைக் கணினி ஒன்று கிடைத்துவிடும். முதன்மைப் பலகையே எரிந்து போயிருந்தால், வன்தட்டைக் கழற்றி யூ.எஸ்.பி. உறையில் இட்டுக் குடும்பப் படங்களைச் சேமிக்கலாம்.

எதற்கும் உதவாதவை இருக்கவே செய்யும். அவற்றை வீட்டுக் குப்பையோடு போடுவதும், செம்பு எடுப்பதற்காகக் கம்பிகளை எரிப்பதும் பெருந்தீங்கு. அப்புகை முதலில் எரிப்பவரின் பிள்ளைகளுக்கே கேடு செய்யும். 2022-இல் உலகில் 62 மில்லியன் டன் மின்னியல் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாட்டு நிறுவனங்களின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. நம் நாட்டில் மின்னியல் கழிவு, 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளின்கீழ் எஸ்.டபிள்யூ. 110 என்னும் குறியீட்டில் அடங்கும். சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற ஆலைகளே அதைக் கையாளலாம். அத்துறையின் இணையத்தளத்தில் சேகரிப்பு மையங்களின் விவரம் கிடைக்கும். கைவிடும் கருவியிலிருந்து நினைவகத்தையும் வன்தட்டையும் கழற்றி வைத்துக்கொண்டு எஞ்சியதை ஒப்படைக்கலாம். மின்னேற்றியை மட்டும் கருவியோடு சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். அதன் மேல் அச்சிடப்பட்டுள்ள வோல்ட் எண்ணும் ஆம்பியர் எண்ணும், முனையின் அளவும் ஒத்துப்போகும் வேறொரு மடிக்கணினி அண்டை வீட்டில் மின்னேற்றியின்றிக் கிடக்கக்கூடும். அவ்வெண்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி, அதன் கம்பியிலேயே கட்டி வைத்திடுக.